உஷார்! ஒற்றை வசனத்தோடு லயத்துக்கு வருகிறார்கள்

நல்லதண்ணி, மஸ்கெலியா, சாமிமலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, இதை வாசித்துவிட்டு வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டுங்கள். உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலைக்குச் சீசன் திறந்தால், வெசாக் வரைக்கும் இந்தப் பாதையில் ஆள் ஓயாது. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் யாத்திரைக் கூட்டத்துக்குள் மலை ஏறாத சிலரும் இறங்குகிறார்கள். அவர்கள் கண்ணெல்லாம் நம் லயத்தின் மேல். ஒருவர் கையில் பைபிள் இருக்கும். இன்னொருவர் காவி கட்டி, விபூதிப் பையோடு வருவார். வேறொருவரிடம் போன் மட்டும்தான். யாராக இருந்தாலும் அவர்களுடைய முதல் ஒன்றுதான்: புனித நூலிலிருந்து பிய்த்தெடுத்த ஒரேயொரு வரி.

சம்பளம் போட்ட வாரம் பார்த்து வருவார்கள். வேலை விட்டு நின்ற பெரியவருக்குச் சேமலாப நிதிக் காசு வந்தது எப்படியோ காதுக்குப் போய்விடும். அம்மா வெளிநாட்டுக்குப் போயிருக்கும் வீடு, மாதக்கணக்கில் சுகமில்லாமல் ஒருவர் படுத்திருக்கும் வீடு, பிள்ளை இல்லையென்று ஏங்கும் வீடு, இவற்றைத்தான் முதலில் விசாரிப்பார்கள். காம்பிராவுக்குள் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, கவலையைத் தாங்களே கண்டுபிடித்ததுபோல் சொல்வார்கள். அந்தக் கவலையைப் பீலிக்கரையில் பக்கத்து வீட்டு வாயால் கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

பிறகு நோட்டீஸ் வெளியே வரும். அரைத்தாள் அளவு. மேலே தடித்த எழுத்தில் மல்கியா 3:10. பத்தில் ஒன்றைக் கொண்டுவா, வானத்தின் பலகணி திறக்கும் என்ற கருத்து. நடுவில் கைகூப்பிய ஒருவரின் படம். அடியில் வங்கிக் கணக்கு இலக்கம், அதற்கும் கீழே வாட்ஸ்அப் இலக்கம். "அக்கா, இது நான் சொல்றதில்ல, வேதம் சொல்றது" என்பார்கள். அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் வாயடைத்துப் போகிறார்கள். சாமி காரியத்தை எப்படி மறுத்துப் பேசுவது என்ற பயம். காதில் கிடக்கும் தோடு அடகுக் கடைக்குப் போவது அந்தப் பயத்தினால்தான்.

பயப்படாதீர்கள். அவர்கள் கையில் இருக்கும் அதே புத்தகத்தை வாங்கித் திறவுங்கள். மல்கியா சின்னப் புத்தகம். தமிழில் நான்கே அதிகாரம், அரை மணி நேரத்தில் முழுவதும் வாசித்துவிடலாம். 3:10 உண்மையிலேயே அங்கே இருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில் ஐந்து வசனம் மேலே, 3:5ஐப் பாருங்கள். கடவுள் யார் யாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வரப்போகிறார் என்று ஒரு வரிசை இருக்கும். சூனியக்காரர் அதில் முதல் ஆள். பொய்ச் சத்தியம் செய்கிறவர் வருகிறார். கூலிக்காரரின் கூலியில் கைவைக்கிறவர், கைம்பெண்ணையும் தகப்பனில்லாத பிள்ளையையும் ஒடுக்குகிறவர் வருகிறார்கள்.

கூலிக்காரரின் கூலி! நிறை குறைந்தால் அரைப்பேர் என்று எழுதப்பட்ட நாட்களை அறிந்தவர்கள் நாம். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆக வேண்டுமென்று வருஷக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதற்கு வர்த்தமானி வந்தது. 1,350 ஆனது 2024இல். அந்தக் கூலிக்காகப் பேசுகிற வசனம் வேதத்தில் இருக்க, அதை விரலால் மறைத்துக்கொண்டு, அதே கூலியில் பத்தில் ஒன்று கேட்கிற வசனத்தை மட்டும் காட்டுகிறார்கள். இதைவிடக் கொடுமை வேண்டுமா?

இன்னும் கொஞ்சம் வாசியுங்கள். மல்கியாவின் முதல் இரண்டு அதிகாரங்களில் கண்டிக்கப்படுகிறவர்களில் முதல் வரிசையில் ஆசாரியர்கள் நிற்கிறார்கள். குருட்டு ஆட்டையும் நொண்டி மாட்டையும் பலிபீடத்துக்குக் கொண்டுபோன குற்றம் அவர்கள் மேல் சுமத்தப்படுகிறது. அந்தப் பத்தில் ஒன்று யாருக்குச் சேர வேண்டும் என்பது உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை விளைச்சலில் பத்தில் ஒன்று ஊருக்குள்ளேயே சேர்த்து வைக்கப்படும். நிலம் இல்லாத லேவியரும், வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவரும், அநாதைப் பிள்ளையும், கைம்பெண்ணும் அதில் வயிறார உண்பார்கள். அப்படிப் பார்த்தால் லயத்துக் கைம்பெண் வாங்க வேண்டியவள். அவளிடம் கேட்டு வருகிறவர் யார் என்று நீங்களே யோசியுங்கள்.

சபைக்கு மனதாரக் காணிக்கை போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நம் தோட்டங்களில் ஊழியம் செய்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து நின்ற போதகர்களும் சாமியார்களும் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஊரில் ஒரு வீடு உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு, கேள்வி கேட்டால் பதில் உண்டு. நான் சொல்வது, கேள்வி கேட்டால் சாபம் போடுகிறவர்களைப் பற்றி.

சாபத்துக்குப் பயமா? இரண்டாம் இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். சீரியப் படைத்தலைவன் நாகமானுக்குக் குஷ்டம் குணமாகிறது. வெள்ளியும் பொன்னும் ஆடைகளும் கொண்டுவந்து வைக்கிறான். தீர்க்கதரிசி எலிசா ஒன்றையும் தொடவில்லை. எவ்வளவு வருந்தியும் வாங்கவில்லை. எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு மனம் கேட்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், எஜமான் கேட்டார் என்று பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு ஜோடி ஆடையும் வாங்கி வீட்டில் ஒளித்து வைக்கிறான். அந்தக் கதையில் சாபம் விழுந்தது யார் மேல்? கொடுத்த நாகமான் மேலா? வாங்கிய கேயாசி மேல். நாகமானுடைய குஷ்டமே அவனைப் பிடித்தது. குணமாக்கியதற்குக் காசு கேட்கிறவர் வந்தால் இந்த அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

வசனத்தைப் பிய்த்துக் காட்டும் தந்திரத்தைப் பைபிளே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் சாத்தான் இயேசுவிடம் 91ஆம் சங்கீதத்தைச் சொல்கிறான், அதுவும் மனப்பாடமாக! கோயில் உச்சியிலிருந்து குதி, தேவதூதர்கள் தாங்குவார்கள் என்று. அந்தச் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். தன் வழியில் நடந்து போகிறவனின் பாதம் கல்லில் மோதாமல் காக்கப்படும் என்பதுதான் அங்குள்ள வாக்கு. வழியைப் பற்றிய சொல்லை விட்டுவிட்டுத்தான் சாத்தான் ஒப்பிக்கிறான். இயேசு அதற்கு இன்னொரு வேதப் பகுதியால் பதில் சொல்கிறார். கடவுளைச் சோதித்துப் பார்க்காதே என்ற பொருளில் உபாகமத்திலிருந்து எடுத்த பதில் அது. மற்றப் பக்கங்களும் தெரிந்தவரிடம் ஒற்றை வசனம் செல்லுபடியாகவில்லை.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொன்னதென்று சைவக்காரர் நாம் தப்பிக்க முடியாது. 2020 டிசம்பரில் கேகாலையில் நடந்ததை மறந்துவிட்டோமா? காளியம்மன் வந்து சொன்ன மருந்து என்று தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்து ஒரு பாணி தயாரித்தார். கொரோனாவைத் தீர்க்கும் என்றார். ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள், கூட்டம் கூடவே கூடாத நேரத்தில்! சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாரச்சியே பலர் பார்க்க அதைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா தொற்று உறுதியானது. அமைச்சர் குடித்தார், டிவியில் காட்டினார்கள், அம்மன் பேர் சொன்னார்கள். நம்பிய ஏழைகளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஆயுர்வேதத்தின் மூல நூலான சரக சம்ஹிதையிலேயே, சூத்திரஸ்தானம் 29ஆம் அதிகாரத்தில், வைத்தியர் வேஷம் போட்டுக்கொண்டு நோயாளியைத் தேடித் திரிகிறவர்களைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பாரம்பரியம் என்று பேசியவர்களில் ஒருவராவது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தால்!

2023 டிசம்பர் கடைசியில் மாலபேயில் நடந்தது இதைவிடப் பயங்கரம். பௌத்த உபதேசம் செய்துவந்த ஒருவர், இந்த உடலை விட்டால் சீக்கிரம் நல்ல பிறப்பு வரும் என்று போதித்து, தானும் உயிரை விட்டார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும், உபதேசம் கேட்கப் போனவர்களுமாக அடுத்தடுத்து உயிர்கள் போயின. பௌத்தர்களின் விநய பிடகத்தில் பிக்குமாருக்கான மிகப் பெரிய குற்றங்கள் நான்கு. அதில் மூன்றாவது, மனித உயிரைப் போக்குவது. சாவைப் புகழ்ந்து பேசி ஒருவரைச் சாகத் தூண்டுவதும் அதே குற்றத்தில் சேர்கிறது. அதைச் செய்தவருக்குச் சங்கத்திலேயே இடமில்லை. இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் மதத்தின் பேரில்தான் அந்தப் போதனை நடந்தது. உங்கள் பிள்ளையோ தம்பியோ யாருடைய பேச்சையாவது இரவிரவாகப் போனில் கேட்டுவிட்டு வாழ்க்கையே வீண் என்று பேசத் தொடங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களிடம் இன்னும் பல மடங்கு உஷார்! பிரஷர், சீனி, வலிப்பு, இருதயம் என்று கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் போகிறவர்களைக் குறிவைக்கிறார்கள். மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்பார்கள். மாற்கு 16ஆம் அதிகாரத்தின் கடைசியைக் காட்டுவார்கள். பாம்பைத் தொட்டாலும் விஷத்தைக் குடித்தாலும் சேதமில்லை, கை வைத்தால் நோயாளி சுகமாவான் என்று வரும் பகுதி. அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேமி கூட்ஸ் என்ற போதகர் இதை அப்படியே நம்பி ஆராதனையில் பாம்பைக் கையில் எடுத்தார். 2014 பெப்ரவரியில் பாம்பு கடித்தது. சிகிச்சை வேண்டாம் என்றார். இறந்துபோனார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, மனதார நம்பியவர். எனக்கு இதில் அடிவயிறு கலங்குவதே அதனால்தான். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டு, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் அந்த அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நிற்கிறது, பாம்பு பற்றிய பகுதி இல்லை. அதே பைபிளில் எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணில் வைத்துக் கட்டச் சொல்கிறார். ஜெபமும் இருந்தது, பற்றும் இருந்தது. ஜெபம் பண்ணுங்கள், நேர்த்தி வையுங்கள், திருநீறு பூசுங்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் மந்திரிக்க ஆள் தேடி நேரத்தை ஓட்டாமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

காசு விஷயத்துக்கு வந்தால் நீதிமொழிகள் என்ற புத்தகத்தை எந்த மதத்தவரும் ஒருமுறை வாசிக்கலாம். அதன் 6ஆம் அதிகாரம் நம் தோட்டத்துப் பெண்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. அயலாருக்காகப் பிணை நின்று வார்த்தை கொடுத்துவிட்டாயா, கண்ணுக்குத் தூக்கம் வர விடாதே, போய்க் கெஞ்சியாவது அதிலிருந்து உன்னை விடுவித்துக்கொள் என்ற பொருளில் தொடங்குகிறது. 22ஆம் அதிகாரத்தில், கட்ட வழியில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொண்டு போவார்கள் என்கிறது. நுண்கடன் குழுவில் ஒருத்திக்காக மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு, அவள் கட்ட முடியாமல் போனதும் கடன்காரர் வந்து வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? போனில் காசு போட்டால் இரட்டிப்பாகும், ஆள் சேர்த்தால் இன்னும் வரும் என்கிற ஆப்களுக்கும் அங்கே பதில் உண்டு. அவசரமாகச் சேர்ந்த காசு கரைந்துபோகும் என்பது 13ஆம் அதிகாரம். இப்படி ஆள் பிடிக்கும் பிரமிட் திட்டங்கள் நம் நாட்டு வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். மத்திய வங்கி திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஜெபக் கூட்டத்திலோ கோயில் கமிட்டியிலோ இருக்கும் ஒருவரே கூப்பிட்டாலும் குற்றம் குற்றம்தான்.

எப்படி வாசிப்பது என்று கேட்பீர்கள். நம் தமிழில் அதற்கு ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தீவிர சைவர். ஆனாலும் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். 1850இல் அது அச்சாகி வந்தது. மூல நூலை வரி வரியாகப் படித்த மனிதர் என்பதால், சைவத்தைப் பழித்து வசனம் காட்டியவர்களுக்கு அவர் 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதியபோது, பைபிளுக்குள்ளிருந்தே பதில் எடுத்துக் கொடுக்க முடிந்தது. நாவலர் இரு பக்க நூலையும் படித்துவிட்டுப் பேசினார். நம்மிடம் வருகிறவர்களோ தங்கள் பக்க நூலையே முழுதாகத் திறப்பதில்லை.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு என்று உண்டு. ஒருவர் பாட்டை வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார், சனம் சுற்றி உட்கார்ந்து கேட்கும். நம் லயங்களிலும் பெரிய எழுத்துப் புத்தகத்தை விளக்கடியில் வைத்து எழுத்துத் தெரிந்தவர் ராகம் போட்டு வாசிக்க, தெரியாதவர்கள் கேட்ட காலம் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அலுப்பில் கண் சொருகும், தெரியும். வாரத்தில் ஒரு ராத்திரி போதும். பாடசாலைப் பிள்ளை வாசிக்கட்டும், அப்பாயி கேட்கட்டும். திருக்குறளில் 42ஆம் அதிகாரம் கேள்வி. படிக்காதவர்கூடக் கேட்டு அறிவு பெறலாம் என்று அதில் வள்ளுவர் இடம் வைத்திருக்கிறார். 43 அறிவுடைமை, 84 பேதைமை. மூன்றையும் பிள்ளைகளை விட்டு உரையோடு வாசிக்கச் சொல்லுங்கள். யார் சொன்னாலும் சொன்னவரைப் பார்க்காமல் சொன்ன விஷயத்தின் மெய்யைப் பார் என்ற குறளை உங்கள் பிள்ளை மனப்பாடமாகவே சொல்லும். பைபிள் வைத்திருப்பவர்களுக்கு நீதிமொழிகள் 31 அதிகாரம், மாதத்துக்கு நாளொன்றாகச் சரியாக வரும். பகவத்கீதையோ குர்ஆனோ தம்மபதமோ, எதுவானாலும் மேலும் கீழும் சேர்த்து வாசியுங்கள். யார் யாரிடம் எப்போது சொன்னார் என்று பாருங்கள். விளங்காவிட்டால் உங்களிடம் எதையும் எதிர்பார்க்காத ஒருவரிடம் கேளுங்கள். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் பெரோயா ஊர்க்காரர் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்கள் பாராட்டப்படுகிறார்கள். பவுலையே சரிபார்க்கலாம் என்றால் பஸ்ஸில் வந்து இறங்கியவரைச் சரிபார்ப்பது பாவமாகாது.

ஆகவே நோட்டீஸோடு யாராவது வாசலுக்கு வந்தால், தண்ணீர் கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். அன்றைக்கே காசோ நகையோ அடையாள அட்டைப் பிரதியோ கொடுக்காதீர்கள். "புத்தகத்த வச்சிட்டுப் போங்க, பிள்ள வாசிச்சுச் சொன்ன பிறகு பேசுவோம்" என்று சொல்லுங்கள். இன்றைக்கே கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்று அவசரப்படுத்தினால் அதுவே போதும், கதவைச் சாத்தலாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். நீங்கள் மறைத்தால் அடுத்த டிவிசனில் இன்னொரு தோடு போகும். நோட்டீஸையும், வங்கியில் காசு போட்ட சிட்டையையும் பத்திரப்படுத்துங்கள், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். தனியே போகாமல், விபரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு நல்லதண்ணி பொலிசிலோ மஸ்கெலியா பொலிசிலோ முறைப்பாடு கொடுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.